நர்சம்மாவும் பட்டாளத்துப் பிஸ்டலும்

ரசலையனின் துப்பாக்கி தினமும் காலை ஐந்தரை மணிக்கு வெடித்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆறு மணிக்கு. ஓய்வுநாளுக்கு அவர் காட்டிய மரியாதை அந்த அரை மணி நேரம்தான்.

கருங்கல்லுக்குத் தெற்கே புளியன்விளையில் அவருக்கு ஒன்றரை ஏக்கர் வாழைத்தோட்டம் இருந்தது. குலை பழுக்கும் நேரம் பார்த்து ஒரு மரநாய் வந்து தின்றுவிட்டுப் போகும். ஒரே ஒரு மரநாய். பதினோரு மாதமாக ரசலையன் அதைச் சுட்டுக்கொண்டிருந்தார். அதுவரை குண்டு பட்டது அவருடைய சொந்தப் பலாமரத்துக்கும், மனைவி ராகேல் வேலியில் காயப்போட்டிருந்த ஒரு சாக்குக்கும்தான். மரநாய்க்குச் சத்தம் பழகிப்போயிற்று. வெடி கேட்ட பிறகும் அது கையிலிருந்த பழத்தைத் தின்று முடித்துத்தான் இறங்கியது. பழக முடியாமல் போனது பக்கத்து வீட்டுச் செல்லபாய்க்கு மட்டும்தான்.

செல்லபாய் மிஷன் ஆஸ்பத்திரியில் படித்துத் தேறிய மருத்துவச்சி. வயது நாற்பத்தெட்டு. புருஷன் இறந்து எட்டு வருஷம் ஆகிறது. கருங்கல்லைச் சுற்றி ஐந்தாறு மைலுக்குள் எந்த வீட்டில் வலி கண்டாலும் கொளுத்திய ஓலைச் சூட்டுக்கட்டோடு ஆள் வந்து நிற்கும். அவளும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பிரசவம் பார்த்துவிட்டு விடியற்காலம் நாலு மணிக்கு வந்து கண்ணை மூடினால் ஐந்தரைக்கு வெடி. அவள் துள்ளி எழுந்து, இன்னொரு வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டதென்று நினைத்துப் பையைத் தேடுவாள். ஒருமுறை தேடியெடுத்துக்கொண்டு ரோடு வரை போயேவிட்டாள். கோழிகள் முட்டையிடுவதை நிறுத்தின. பசு பால் செம்பை உதைத்தது.

அவள் சும்மா இருக்கவில்லை. முதலில் சபைக் கமிட்டியில் சொன்னாள். கமிட்டியில் ரசலையனும் ஓர் அங்கத்தினர். இரு குடும்பத்துக்கும் சமாதானம் உண்டாக ஜெபிப்பதென்று தீர்மானமாயிற்று. அந்த ஜெபத்தையும் ரசலையனே நடத்தினார். அடுத்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே ஹெட் கான்ஸ்டபிள் சுடலையாண்டி இருந்தார். அவருடைய மூன்று பிள்ளைகளும் செல்லபாயின் கையில் பிறந்தவை. அதனால் எழுந்து நின்று பேசினார்.

“அவருக்கு லைசன்ஸ் இருக்கு நர்சம்மா. தோக்கு வச்சிருக்கலாம், வெடிக்கலாம். வெடிச்சா சத்தம் கேக்கத்தான் செய்யும். அதுக்கு நாங்க என்ன செய்ய?”

“லைசன்ஸ் இருந்தா ஊரை எழுப்பலாமா?”

“சட்டத்தில அதைப்பத்தி ஒண்ணும் சொல்லல்ல.”

“அப்பம் எனக்கும் ஒரு லைசன்ஸ் தாரும்,” என்றாள் செல்லபாய்.

சுடலையாண்டி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமையே குழித்துறைக்கு மோட்டார் ஏறினாள்.

தாலுகாக் கச்சேரிக்கு எதிரே வைகுண்டராஜன் என்பவர் சர்க்காருக்கு ஹர்ஜி எழுதிக் கொடுத்துப் பிழைத்துவந்தார். மரம் வெட்ட அனுமதி, கிணறு வெட்ட அனுமதி, பாகப் பிரிவினை என்று எது கேட்டாலும் சர்க்கார் மொழியான மலையாளத்தில் அழகாக எழுதுவார். ஒரு பெண்பிள்ளை துப்பாக்கி கேட்டு வந்தது அவருக்கு முதல் அனுபவம். மையில் தொட்ட பேனாவை அப்படியே தூக்கிப் பிடித்திருந்ததில் ஒரு துளி காகிதத்தில் விழுந்தது.

“எந்த மாதிரித் தோக்கு?”

“பட்டாளத்தில கேப்டன் இடுப்பில தொங்கவிட்டிருப்பாம்லா, அந்தப் பிஸ்டலு.”

“நாட்டுத் தோக்கு போதாதா? அது எளுப்பத்தில கிட்டும்.”

“அது அவருகிட்ட இருக்கு. எனக்கு அதைவிடப் பெரிசு வேணும்.”

“பிஸ்டலு சின்னதுல்லா நர்சம்மா?”

“அளவில சின்னது. சத்தத்தில பெரிசு.”

அவளுக்கு இது புருஷன் சொல்லித் தெரிந்த விஷயம். அவர் ஜெர்மன் சண்டையின்போது பஸ்ராவில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் வேலை பார்த்தவர். கேப்டன் ஒருநாள் பிஸ்டலை வானத்தைப் பார்த்து ஒருமுறை வெடித்ததாகவும், ஆற்றுக்கு அக்கரையில் நின்ற ஒட்டகங்கள் எல்லாம் அப்படியே உட்கார்ந்துவிட்டதாகவும் அவர் சொல்லியிருந்தார். அவர் சொன்ன மற்ற சங்கதிகளில் பாதியை அவள் நம்பியதில்லை. ஒட்டகத்தை மட்டும் நம்பினாள்.

“செரி. காரணம் என்னெண்ணு எழுதட்டும்?”

“ரசலையன்.”

“அப்பிடி ஆளு பேரை எழுதப்பிடாது. கள்ளன், துஷ்டமிருகம், இப்பிடி எதாவது சொல்லுங்க.”

“கள்ளன் எனக்க வீட்டுக்கு வந்ததே இல்ல. மிருகம் எனக்க வழிக்கு வராது. நான் பொய் எழுத மாட்டேன்.”

வைகுண்டராஜன் நெற்றியைத் தடவிக்கொண்டார். “ராத்திரி நேரம் ஒத்தைக்கு நடந்து பேறு பாக்கப் போறியளா?”

“போறேன்.”

“அது நெசம்தானே? அதை எழுதுதேன். அயல்வாசிக்க ஆயுதத்தினால நிம்மதி கெட்டுப்போச்சு. அது நெசமா?”

“அது ரெம்ப நெசம்.”

இரண்டையும் எழுதினார். கச்சேரியில் குமாஸ்தா ஹர்ஜியை இரண்டு தரம் படித்துவிட்டு, யோக்கியமான இரண்டு பேர் ஜாமீனாகக் கையெழுத்து, அதாவது ஒப்பு, போட வேண்டும் என்றார். ஒருவர் நிலவரி கட்டிக் கரம் தீர்க்கிறவராக இருந்தால் போதும். மற்றவர் ஆயுதப் பழக்கம் உள்ளவராக இருக்க வேண்டும்.

முதல் ஒப்புக்குக் கஷ்டமில்லை. கருங்கல் சந்தையில் கருப்பட்டி வியாபாரம் செய்யும் ஒருவர், மனைவிக்கு ஐந்து பிரசவம் பார்த்த நன்றியில், காகிதத்தில் என்ன இருக்கிறதென்று படிக்காமலே போட்டுக் கொடுத்தார். இரண்டாவது ஒப்புத்தான் இடித்தது. அந்தப் பகுதி முழுவதிலும் துப்பாக்கி லைசன்ஸ் வைத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் பக்கவாதத்தில் கிடந்தார். மற்றவர் ரசலையன்.

செல்லபாய் மூன்று நாள் யோசித்தாள். நாலாம் நாள் சாயங்காலம் வேலியைச் சுற்றிக்கொண்டு ரசலையன் வீட்டு முற்றத்தில் போய் நின்றாள். அவர் துப்பாக்கிக் குழலில் துணியை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு ஒரு ஒப்பு வேணும்,” என்றாள்.

“எதுக்கு?”

“தோக்கு வாங்க.”

“ஆருக்கு?”

“எனக்குத்தான்.”

“ஒமக்கு என்னத்துக்கு நர்சம்மா தோக்கு?”

“நீரு அஞ்சரைக்கு வெடிக்கியீரு. நான் நாலரைக்கு ஒமக்க சன்னலுக்குக் கீழ நின்னு வெடிக்கதுக்கு.”

அடுப்படியில் ராகேல் சிரிக்கும் சத்தம் கேட்டது. ரசலையன் எழுந்து நின்றார். ‘இறங்கிப் போ’ என்று சொல்லத்தான் எழுந்தார். அதற்குள் அவள் காகிதத்தை நீட்டிவிட்டாள். வாங்கியவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். ‘ஆயுதப் பழக்கமும் அதில் தேர்ச்சியும் உள்ளவர்’ என்று வைகுண்டராஜன் எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது. பதினோரு மாதமாக அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வீட்டில் ராகேல் சொன்னவை வேறு மாதிரி.

“இது கச்சேரியில எழுதினதா?”

“கச்சேரிக்குப் போவ எழுதினது. தாசில்தார் படிப்பாரு.”

“தாசில்தாரு படிப்பாரா?” ரசலையன் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கையைத் துடைத்தார். “அப்பிடிச் சும்மா ஒப்புப் போட முடியாது. ஒமக்கு அறிவு இருக்காண்ணு பாக்கணும். உக்காரும்.”

அவள் உட்கார்ந்தாள். அவர் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். வெடிமருந்து எவ்வளவு இட வேண்டும், காற்று எந்தப் பக்கம் வீசினால் எங்கே குறி வைக்க வேண்டும், குண்டு ஏன் வலப்பக்கம் விலகும் என்றெல்லாம் விளக்கினார். நடுவில் ராகேல் அவித்த மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்து வைத்தாள். முடிவில் ஒப்புப் போட்டார். அதோடு விடாமல், ‘இவர் திடமனசு உள்ளவர், கைநடுக்கம் இல்லாதவர்’ என்று இரண்டு வரி சொந்தக் கையெழுத்தில் சேர்த்தார்.

செல்லபாய் போன பிறகு ராகேல் கேட்டாள்: “ஒம்மச் சுடுகதுக்கு ஒம்மகிட்டயே எழுதி வாங்கிட்டுப் போறா. நீரும் எழுதிக் குடுக்கியீரு?”

“பொம்பளைக்குச் சர்க்கார் தோக்கு குடுக்காது பிள்ளே,” என்றார் ரசலையன்.

விசாரணைக்குச் சுடலையாண்டிதான் வந்தார். மனுதாரருக்கு எதிரிகள் உண்டா என்று கேட்டு எழுத வேண்டும் என்பது விதி. “உண்டு, இன்னா நிக்காரு,” என்று செல்லபாய் ரசலையனைக் காட்டினாள். ஜாமீன்தாரர் யாரென்று கேட்டார். “நான்தான்,” என்று அதே ரசலையன் முன்னால் வந்தார். சுடலையாண்டி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

“ரெண்டும் ஒரே ஆளாண்ணேன்?”

“ஒரே ஆளுதான்.”

“எதிரியே ஜாமீன் நிக்கியீரா?”

“அவளுக்கு நான் எதிரி. எனக்கு அவ எதிரி இல்ல,” என்றார் ரசலையன் பெருந்தன்மையோடு.

இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல், நடந்ததை நடந்தபடியே எழுதி மேலே அனுப்பிவிட்டார் சுடலையாண்டி. அந்த அறிக்கையைத் தாசில்தார் பக்கத்து அறைக்காரர்களையும் கூப்பிட்டு வாசித்துக் காட்டினார் என்று பிறகு பேச்சு வந்தது. அதனாலோ என்னவோ, ஏழாம் மாதம் லைசன்ஸ் வந்தது. ஒரு பிஸ்டல், பன்னிரண்டு தோட்டா. ராக்காலத்தில் பேறு பார்க்கப் போகிறவரின் தற்காப்புக்கு.

ரசலையன் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வெடி வைக்கவும் மறந்துவிட்டார். சாயங்காலம் வேலியோரம் வந்து நின்று, தொண்டையைக் கனைத்தார்.

“பிஸ்டலு எங்க வாங்கப் போறீரு?”

“திருவனந்தபுரத்தில, சாலைக் கம்போளத்தில. தேங்காப்பட்டணத்துக்காரரு ஒருத்தரு கடை வச்சிருக்காராம்.”

“நானும் வருவேன்.”

“நீரு என்னத்துக்கு?”

“ஒப்புப் போட்டவனுக்குப் பொறுப்பு உண்டும்லா? ஒம்மத் துருப்பிடிச்ச சாதனத்தைக் காட்டி ஏமாத்திப்போட்டா நாளைக்கு எனக்க பேருதானே கெடும்?”

அவர் சொன்னது காரணம் அல்ல. பட்டாளத்துப் பிஸ்டலை அவர் வாழ்நாளில் ஒருமுறையாவது கிட்டத்தில் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அது செல்லபாய்க்கும் தெரிந்தது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவள், திருவிழாக் கடையைக் கண்ட பிள்ளைபோல அவர் முகம் இருந்ததைப் பார்த்து, “மோட்டாருக்குக் காலத்த வந்திரும்,” என்று மட்டும் சொன்னாள்.

கடைக்காரர் முகம்மது ஹனீபா வெள்ளைத் தொப்பியும் மூக்குக்கண்ணாடியுமாக இருந்தார். லைசன்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அதில் இருந்த பெயரைப் படித்துவிட்டு ரசலையனிடம், “செல்லபாய் ஆரு? ஒங்க வீட்டுக்காரியளா?” என்று கேட்டார்.

“நான்தான் செல்லபாய்,” என்றாள் அவள். “இவரு எனக்க எதிரி.”

ஹனீபா பல வருஷமாக வியாபாரம் செய்தவர். மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பொதியைக் கொண்டுவந்து மேசையில் பிரித்தார். கறுப்பாக, கனமாக, ஒரு வேலையும் இல்லாமல் படுத்துக்கிடக்கும் எருமைக் கன்றுபோல அது கிடந்தது. கைப்பிடியின் அடியில் கயிறு கோக்க ஒரு வளையம். பக்கவாட்டில் சிறிய அம்பு முத்திரை. கூடவே தேய்ந்த பழுப்புத் தோலுறை.

“ஜெர்மன் சண்டையில ஒரு கேப்டன் வச்சிருந்தது. சீமைக்குப் போவும்போ வித்துட்டுப் போனாரு. இந்த மாதிரி வேற என்கிட்ட இல்ல,” என்றார் ஹனீபா. ஒரு கொக்கியைத் தட்டினார். பிஸ்டல் நடுவில் மடிந்து, ஆறு துளையுள்ள உருளை மேலே எழுந்தது.

ரசலையன் மூச்சை உள்ளே இழுத்தார். வெளியே விடும் சத்தம் கேட்கவே இல்லை.

செல்லபாய் அதை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினாள். ஒருமுறை மெல்ல ஆட்டிப் பார்த்தாள். “ரெண்டரை ராத்தல் இருக்கும். குறைமாசப் பிள்ளைக்க எடை,” என்றாள்.

“செரியாச் சொல்லிட்டீங்க. ரெண்டே முக்காலு,” என்றார் ஹனீபா.

“இது எத்தனை பேரைக் கொன்னிருக்கும்?”

“அதை எழுதி வைக்கிற வழக்கம் இல்ல அம்மா.”

“வெடிச்சுப் பாக்கலாமா? எனக்குச் சத்தம் கேக்கணும்.”

கடையின் பின்புறத்தில் மதிலை ஒட்டி மணல் நிறைத்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. ஹனீபா ஒரே ஒரு தோட்டாவைப் போட்டு அவள் கையில் கொடுத்து, எப்படிப் பிடிப்பதென்று காட்டினார். ரசலையன் தன் பங்குக்குக் காற்று வீசும் திசையைச் சொன்னார். செல்லபாய் கண்ணை மூடவில்லை. பிள்ளை தலை தெரியும் நேரத்தில் எப்படி நிற்பாளோ அப்படிக் காலை அகட்டி நின்று விசையை அழுத்தினாள். பெட்டியின் நட்டநடுவில் மணல் தெறித்தது. பிஸ்டல் அவள் கையை மேலே தூக்கியது. மதில்மேல் இருந்த காக்கை ஒன்று தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தது.

செல்லபாய் காத்திருந்தாள்.

“அவ்வளவுதானா?” என்றாள்.

“என்ன அவ்வளவுதானா?”

“சத்தம். இவ்வளவுதான் வருமா?”

“நல்ல சத்தம்லா அம்மா?”

“இதா? இவருக்க நாட்டுத் தோக்குக்க பாதிகூட இல்ல. அது வெடிச்சா எனக்க வீட்டு ஓடு ஆடும். ஒரு காக்காய்கூடப் பறக்கல்ல, பாரும்!” புருஷன் சொன்னதில் கடைசியாக நம்பிக் கொண்டிருந்ததும் போயிற்று. “ஒட்டகம் உக்காந்துதாம் ஒட்டகம்!”

ஹனீபாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “அம்மா, இது ஆளைக் கொல்லுகதுக்கு உண்டாக்கினது. சத்தம் போடுகதுக்கு இல்ல.”

“எனக்கு ஆரையும் கொல்லண்டாம். சத்தம்தான் வேணும். இது எனக்கு வேண்டாம்,” என்று கடைக்குள் வந்து பிஸ்டலை மேசையில் வைத்துவிட்டுப் பையை எடுத்தாள்.

அப்போதுதான் ரசலையன் அவள் முந்தானையைப் பிடித்து இழுக்கிற அளவுக்குக் கிட்டத்தில் வந்து, “நர்சம்மா,” என்றார். அவர் குரல் அப்படி இறங்கி அவள் கேட்டதே இல்லை. “வாங்கும் நர்சம்மா. வேண்டாம்ணு சொல்லாதயும்.”

“நீரு வாங்கும்.”

“எனக்கு ஒரு லைசன்ஸ் இருக்கும்போ கச்சேரியில ரெண்டாவது தர மாட்டான். நான் கேட்டுப் பாத்தாச்சு. ரெண்டு வருசம் முந்தியே கேட்டாச்சு.” அவர் பிஸ்டலைப் பார்த்தபடியே பேசினார். “இதை விட்டா இந்த ஜென்மத்தில எனக்குப் பாக்கக் கிட்டாது. பாதி வெலை நான் தாறேன்.”

“பாதி தந்தா பாதி ஒமக்கதுண்ணு சொல்லுவீரு.”

“சொல்ல மாட்டேன். ஒமக்க வீட்டிலயே இருக்கட்டும். ஞாயிறாச்ச ஞாயிறாச்ச கோயில் விட்டு வந்து நான் துடைச்சு எண்ணெ போட்டுத் தாறேன். அது போதும்.”

செல்லபாய் பையைக் கீழே வைத்தாள். “காலத்த வெடி?”

ரசலையன் பிஸ்டலை இன்னொருமுறை பார்த்தார். மரநாய் அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். “வைக்க மாட்டேன்,” என்றார்.

“ஒருநாள்கூட?”

“ஒருநாள்கூட. அது தின்னுட்டுப் போவட்டும், சவம்.”

வியாபாரம் கைநழுவவிருந்த ஹனீபா சட்டென்று ஒரு காகிதத்தை எடுத்து, ரசலையன் சொன்னதை அப்படியே எழுதி, அவரிடம் ஒப்பு வாங்கி, தானும் சாட்சியாகக் கையெழுத்திட்டார். செல்லபாய், தான் பேறு பார்த்த வீடுகளில் கிடைத்ததைச் சேர்த்து வைத்திருந்த சுருக்குப்பையை அவிழ்த்தாள்.

திரும்பும் வழியில் மோட்டாரில் கூட்டம். தோலுறை செல்லபாயின் வெள்ளைச் சேலைக்குமேல் தொங்குவதைக் கண்டக்டர் கண்டதும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த இருவரை எழுப்பிவிட்டு இடம் கொடுத்தார். குழித்துறை வரை யாரும் அவர்களிடம் டிக்கெட் கேட்கவில்லை. செல்லபாயே கூப்பிட்டு வாங்கினாள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, கோட்டைக்கூடக் கழற்றாமல் ரசலையன் வந்துவிட்டார். வெறும் துடைப்பதில் அவர் மனம் அடங்கவில்லை. திருகைக் கழற்றி உருளையை வெளியே எடுத்துவிட்டார். எடுத்ததைத் திரும்பப் பொருத்தத் தெரியவில்லை. அரைமணி நேரம் வியர்க்க வியர்க்கத் திருகிப் பார்த்தார்.

“நீரு ஆயுதத்தில தேர்ச்சி உள்ளவருண்ணு தாசில்தாருக்கு எழுதியிருக்குல்லா?” என்று கேட்டுவிட்டுச் செல்லபாய் அதை வாங்கினாள். கண்ணால் பார்க்காமல் விரலால் தடவித் தடவி, குறுக்கே கிடக்கும் பிள்ளையைத் திருப்புவதுபோல உருளையைத் திருப்பினாள். ‘க்ளக்’ என்று உட்கார்ந்தது.

“எப்பிடி?”

“வழி அதுக்கே தெரியும். நாம பிடிவாதம் பிடிக்கப்பிடாது.”

மூன்றாவது ஞாயிறு, ரசலையன் பிஸ்டலைக் கையில் ஏந்திப் பலாமரத்தைக் குறி பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், படலையைத் திறந்துகொண்டு சுடலையாண்டி உள்ளே வந்தார். லைசன்ஸ்காரர் ஆயுதத்தை ஒழுங்காக வைத்திருக்கிறாரா என்று பார்க்க வந்தவர். பார்த்ததும் நின்றுவிட்டார்.

“நர்சம்மா! இது ஒங்க பேரில உள்ள ஆயுதம்லா? அவரு கையில எப்பிடிப் போச்சு?”

ரசலையனுக்குப் பிஸ்டலைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை. செல்லபாய் மரச்சீனிக் கிழங்கைத் தோலுரித்துக்கொண்டிருந்தாள். அவள் பொய் சொல்கிறவள் அல்ல. “நான்தான் குடுத்தேன். எண்ணெ போடுகாரு. நான் இஞ்சதான் இருக்கேன். தப்புண்ணா எழுதிக்கிடும்,” என்றாள்.

சுடலையாண்டி காதிலிருந்து பென்சிலை எடுத்தார். நோட்டுப்புத்தகத்தைத் திறந்தார். பிறகு வெயிலில் மின்னும் அந்தக் கறுப்புக் குழலைப் பார்த்தார். இருபது வருஷ சர்வீஸில் சர்க்கார் அவருக்குக் கொடுத்திருந்தது ஒரு பிரம்பும் ஒரு விசிலும்தான்.

“குண்டு இருக்கா?”

“இல்ல. தோட்டா எல்லாம் பைபிளுப் பெட்டியில இருக்கு.”

“நான் ஒருக்கா பிடிச்சுப் பாக்கட்டா?”

ரசலையன் மனசில்லாமல் கொடுத்தார். சுடலையாண்டி அதை உறையில் போட்டு, உறையை இடுப்பில் கட்டி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு தொழுவத்திலிருந்து கிணற்றடி வரை நடந்தார். கிணற்றடியில் திரும்பி நின்று ஒரு சல்யூட் அடித்தார். யாருக்கு என்று தெரியவில்லை. பிறகு தொழுவத்துக்குத் திரும்பி வந்தார். மறுபடி கிணற்றடிக்குப் போனார்.

“வேய், போதும். எனக்க முறை,” என்றார் ரசலையன்.

“இது போலீஸ் பரிசோதனை. இடையில பேசப்பிடாது.”

சோறு ஆறிப்போகிறதென்று புருஷனைத் தேடி ராகேல் வந்தாள். பிஸ்டல் உறையின் வாரை ஆளுக்கொரு முனையில் பிடித்துக்கொண்டு நின்ற இரண்டு மீசைக்காரர்களையும், கிழங்கு உரிக்கிற செல்லபாயையும் பார்த்தாள். நடுவில் புகுந்து பிஸ்டலை உருவினாள். கைக்கு எட்டும் தூரத்தில் புருஷனைப் பார்த்துப் பிடித்தாள். குண்டு இல்லையென்று தெரிந்தும் ரசலையன் ஹெட் கான்ஸ்டபிளின் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்.

“ஏட்டி செல்லபாய்,” என்றாள் ராகேல், கண்ணை எடுக்காமல், “இது கொள்ளாமே! நல்லாத்தான் இருக்கு!”

அந்த லைசன்ஸ் எட்டு வருஷம் செல்லபாயின் பெயரில் இருந்தது. புளியன்விளையில் அந்தப் பிஸ்டல் ஒருமுறைகூட வெடிக்கவில்லை. ஆயுதத்தைப் பரிசோதிக்க ஹெட் கான்ஸ்டபிள் ஆண்டுக்கு ஒருதரம் வந்தால் போதும் என்பது விதி. சுடலையாண்டி மாதத்துக்கு இரண்டுதரம் வந்தார். வரும்போதெல்லாம் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டிருந்தார்.